வெகுளியின் இரு பொருள்: ஆன்றி ரூசோவும் அவரைப் பின்தொடர்ந்தவர்களும்

1. விருந்தும் வழக்கும்

1908 நவம்பரில் பாரிஸின் மோமார்த்ர் மேட்டில், பதோ-லவ்வார் எனப்பட்ட பாழடைந்த ஓவியர் குடியிருப்பில், பாப்லோ பிக்காசோ தம் பட்டறையில் ஒரு விருந்து வைத்தார். விருந்தின் நாயகர் ஆன்றி ரூசோ. வயது 64. நகர நுழைவுவரிச் சாவடியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் கலைப்பள்ளியிலும் பயிலாதவர். கவிஞர் கியோம் அப்போலினேர், ஓவியர்கள் ஜார்ஜ் பிராக், மரி லோரான்சன், எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் எனப் பலர் கூடியிருந்தனர். பெட்டிமேல் நாற்காலியை ஏற்றி ரூசோவுக்கு அரியணை செய்திருந்தார்கள். அப்போலினேர் வாழ்த்துப்பா சொன்னார். ரூசோ வயலின் வாசித்தார்.

இரண்டு மாதம் கழித்து, 1909 ஜனவரியில், அதே ரூசோ நீதிமன்றத்தில் குற்றவாளியாக நின்றார். பழக்கமான வங்கி ஊழியர் ஒருவருடன் சேர்ந்து, பொய்ப்பெயரில் கணக்குத் தொடங்கி பிரான்ஸ் வங்கியை ஏமாற்றியதாக வழக்கு. அவருடைய வழக்கறிஞர் விசித்திரமான ஒரு தற்காப்பை எடுத்துவைத்தார்: ரூசோவின் ஓவியத்தையே நீதிமன்றத்தில் காட்டினார். இப்படிப் படம் போடுகிற மனிதருக்குச் சூதுவாது தெரியுமா என்பது வாதம். தீர்ப்பு, நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறைத்தண்டனையும் 100 பிராங்க் அபராதமும்.

பட்டறையிலும் நீதிமன்றத்திலும் ரூசோவுக்காகப் பேசிய சாட்சி ஒன்றே: அவருடைய வெகுளித்தனம். ஓரிடத்தில் அது மேதைமையின் அடையாளமாயிற்று. மற்றோரிடத்தில் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாயிற்று.

‘வெகுளி’ என்ற சொல் தமிழில் நெடுந்தூரம் நடந்து வந்தது. பழந்தமிழில் அது சினம். குறளின் ‘வெகுளாமை’ அதிகாரம் சினம் கொள்ளாமையைப் பேசுகிறது. இன்றைய வழக்கில் வெகுளி என்றால் கள்ளங்கபடம் அறியாதவர். ரூசோவை இந்த இரண்டாம் பொருளில் மட்டுமே ஒரு நூற்றாண்டாக வாசித்திருக்கிறார்கள். முதற்பொருளுக்கும் அவரிடம் இடமுண்டு என்பதைப் பின்னர் காண்போம்.

இக்கட்டுரையின் கேள்வி இது: பின்வந்த ஓவியர்கள் ரூசோவின் ஓவியங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்களா, ரூசோவைப் பற்றிய கதையிலிருந்தா? ‘செல்வாக்கு’ என்ற சொல்லைத் தாராளமாக வழங்காமலிருக்க மூன்று வகைச் சான்றுகளை நான் வேறுபடுத்துகிறேன். பின்வந்தவர் ரூசோவின் படத்தை வைத்திருந்தது அல்லது நேரில் கண்டது கைவசம். பின்வந்தவரின் படத்திலேயே தெரியும் சுவடு கைத்தடம். அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டது கைச்சாத்து.

2. வாழ்க்கையும் கட்டுக்கதையும்

ரூசோ 1844 மே 21 அன்று வடமேற்கு பிரான்ஸின் லவால் நகரில் பிறந்தார். தந்தை தகரவேலைக்காரர். இளம் வயதில் ஆன்ழே நகரில் ஒரு வழக்கறிஞரிடம் வேலைபார்த்தபோது சிறு திருட்டுக்காக ஒரு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அக்காலத்திலேயே படையில் சேர்ந்து, 1868இல் வெளியேறிப் பாரிஸ் வந்தார். பின்னர் நகர எல்லையில் நுழையும் சரக்குகளுக்கு வரி தண்டும் சாவடியில் வேலை கிடைத்தது. 1893 வரை, அதாவது 49 வயது வரை அங்கிருந்தார். பதவி உயர்வு என்று சொல்லத்தக்க எதையும் அவர் காணவில்லை.

அவரை உலகம் ‘துவானியே’, அதாவது சுங்க அதிகாரி, என்றழைக்கிறது. அவர் சுங்க அதிகாரியாக ஒருபோதும் இருந்ததில்லை; நகராட்சி நுழைவுவரி எழுத்தருக்கும் நாட்டெல்லைச் சுங்க அதிகாரிக்கும் தூரம் அதிகம். பட்டப்பெயரைப் பரப்பியவர், அதே லவாலில் பிறந்த நாடகாசிரியர் அல்ஃப்ரெட் ஜாரி. மெக்சிகோ கதை இதைவிடப் பெரியது. மூன்றாம் நெப்போலியன் மெக்சிகோவுக்கு அனுப்பிய படையில் ரூசோ சென்றார், அங்கே கண்ட காடுகளையே பின்னாளில் வரைந்தார் என்ற கதையை அப்போலினேர் எழுதிப் பரப்பினார். ரூசோ பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை. மெக்சிகோவிலிருந்து திரும்பிய வீரர்களிடம் கதை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

கட்டுக்கதையில் ரூசோவுக்கே பங்குண்டு. 1890களில் அவர் தம்மைப் பற்றி எழுதிய குறிப்பில், இயற்கையைத் தவிர வேறு ஆசிரியர் தமக்கில்லை என்கிறார். ஆனால் அதே மூச்சில், கலைக்கழக ஓவியர்களான ழெரோம், கிளெமான் இருவரிடமும் ஆலோசனை பெற்றதையும் சேர்த்துக்கொள்கிறார். 1884இல் லூவர் அருங்காட்சியகத்தில் படிகள் எடுக்க அனுமதியும் வாங்கியிருந்தார். கலைப் புரட்சிக்காரர்கள் கொண்டாடிய இம்மனிதர் விரும்பியதெல்லாம் அவர்கள் வெறுத்த கலைக்கழக ஓவியர்களின் வழவழப்பான முடிவைத்தான். இந்த முரணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. இதுவரையான வாசிப்புகள்

ரூசோ பற்றிய எழுத்துகளை மூன்று வரிசையாகப் பிரிக்கலாம்.

முதல் வரிசை ‘தூய உள்ளம்’ என்ற வாசிப்பு. ரூசோவைப் பற்றிய முதல் தனிநூலை 1911இல் எழுதிய ஜெர்மானியக் கலைச் சேகரிப்பாளர் வில்ஹெல்ம் ஊடெ இதன் தலைவர். 1928இல் ரூசோவுடன் செராஃபின், விவன், போம்புவா, போஷான் ஆகியோரையும் சேர்த்து, புனித இதயத்தின் ஓவியர்கள் என்ற பெயரில் பாரிஸில் கண்காட்சி வைத்தார். ‘நயீவ் கலை’ என இன்று வழங்கும் வகைப்பாட்டுக்கு இது அடித்தளங்களுள் ஒன்று.

இரண்டாவது, நவீனத்துவ வாசிப்பு. ரூசோவின் தட்டைப்பரப்பு, கூரிய விளிம்பு, நிழலற்ற ஒளி ஆகியவற்றைப் பிக்காசோவுக்கும் அருவ ஓவியர் காண்டின்ஸ்கிக்கும் இட்டுச்செல்லும் படிகளாக இது பார்க்கிறது. ரோஜர் ஷாட்டக் 1958இல் வெளியிட்ட ‘விருந்து ஆண்டுகள்’ என்ற நூல் ரூசோ, இசையமைப்பாளர் எரிக் சாட்டி, ஜாரி, அப்போலினேர் நால்வரையும் பிரெஞ்சு முன்னணிக் கலையின் தூண்களாக நிறுத்தியது.

மூன்றாவது, மூலங்களைத் தேடும் வாசிப்பு. 2005-06இல் லண்டன், பாரிஸ், வாஷிங்டன் நகரங்களில் நடந்த ‘பாரிஸில் காடுகள்’ கண்காட்சி இதன் உச்சம். ரூசோவின் காடுகளை அவர் பார்த்த அருங்காட்சியகப் பொருள்கள், அச்சுப்படங்கள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் அருகில் வைத்துக் காட்டியது.

முதல் வாசிப்பில் மனிதர் இருக்கிறார், வேலை இல்லை. இரண்டாவதில் வரலாற்றின் விளைவு இருக்கிறது, நோக்கம் இல்லை. மூன்றாவது நம்மைப் பட்டறைக்குள் அழைத்துச்செல்கிறது. ஆனால் அங்கே கண்டதைச் செல்வாக்கு என்ற கேள்வியோடு போதுமான அளவு பிணைக்கவில்லை. அப்பிணைப்பே இங்கு என் முயற்சி.

4. காடு எங்கிருந்து வந்தது

1886 முதல் ரூசோ சுயேச்சை ஓவியர் கண்காட்சியில் அநேகமாக ஆண்டுதோறும் படம் வைத்தார். தேர்வுக்குழு இல்லாத கண்காட்சி அது. இல்லாவிட்டால் அவர் வெளியே தெரிந்திருக்கவே மாட்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1891இல் புயலில் பதுங்கும் புலியை வரைந்த முதல் காட்டுப்படத்தை வைத்தபோது, சுவிட்சர்லாந்துக்காரரான இளம் ஓவியர் பெலிக்ஸ் வல்லோத்தோன் மட்டும் அப்படத்தைத் தவறவிடக் கூடாது என்று ஒரு சுவிஸ் நாளிதழில் எழுதினார். அருகிலிருந்த படங்களையெல்லாம் அது நசுக்கிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. பிறகு பத்தாண்டுக்கும் மேல் ரூசோ காட்டுப் பக்கம் போகவில்லை. 1904க்குப் பின்னரே காடு தொடர்ந்து வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட காட்டுப்படங்கள் இன்று உள்ளன.

1905இல் இலையுதிர்காலக் கண்காட்சியில் வைத்த ‘பசித்த சிங்கம் மான்மீது பாய்கிறது’ என்ற படம் மூன்று மீட்டர் அகலமுடையது. அதன் நடுவிலுள்ள சிங்கமும் மானும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த விலங்குத் தொகுதியிலிருந்து எடுத்தவை. செடிகொடிகள் பாரிஸ் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் குடில்களில் பார்த்தவை. அக்குடில்களுக்குள் நுழைவது கனவுக்குள் நுழைவதுபோல் இருக்கும் என்று 1910இல் கலை விமர்சகர் ஆர்சேன் அலெக்சாந்தரிடம் அவர் சொன்னார். பாரிஸின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று வெளியிட்ட காட்டுவிலங்குப் பட ஆல்பமும் அவரிடம் இருந்தது. அதன் நிழற்படங்களிலிருந்து விலங்குகளைப் பெயர்த்தெடுத்தார்.

‘ழுனியே தாத்தாவின் வண்டி’ (1908) எப்படி உருவாயிற்று என்பதைக் காட்டும் நிழற்படம் இன்றும் உள்ளது. குடும்பத்தார் வண்டியில் அமர்ந்து காமிராவைப் பார்க்கும் சாதாரணப் படம் அது. ரூசோ அதைக் கித்தானுக்கு மாற்றும்போது மனிதரைத் தனித்தனியே நிமிர்த்திவைத்தார், தெருவைத் துடைத்தார், வண்டியடியில் அளவுக்கு மீறிய கரிய நாயொன்றை நிறுத்தினார். அப்போலினேரையும் மரி லோரான்சனையும் சேர்த்து வரைந்த ‘கவிஞருக்கு ஊக்கமளிக்கும் கலைத்தேவி’ (1909) படத்துக்குத் தையற்காரரைப்போல் மூக்கு, வாய், காது, கை என அளந்தெடுத்தார். முன்புலத்தில் ‘கவிஞர்’ என்ற பெயரால் வழங்கும் பூவை வரைய நினைத்து வேறு பூவை வரைந்துவிட்டார்; பிழை தெரிந்ததும் முழுப்படத்தையும் இன்னொரு முறை வரைந்தார். வெகுளியாக வரைகிறவர் பூவின் பெயருக்காக ஒரு பெரும் ஓவியத்தைத் திரும்ப வரைய மாட்டார்.

எனவே ரூசோவின் வேலைமுறை தெளிவானது. உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஆயத்தப் படிமங்களைச் சேகரிக்கிறார். ஒவ்வொன்றையும் அதன் சூழலிலிருந்து கத்தரித்தெடுக்கிறார். அளவையும் ஒளியையும் பொருட்படுத்தாமல், இலைமேல் இலையாய் இணையான அடுக்குகளாகச் சேர்க்கிறார். பின்னர் எல்லாவற்றையும் ஒரே கவனத்துடன், ஒரே கூர்மையுடன் தீட்டித் தையல் தெரியாமல் செய்கிறார். தொலைவிலுள்ள இலையும் அருகிலுள்ள இலையும் அவருக்கு ஒன்றே. இதைத் தொகுப்புமுறை என்பேன்.

இத்தொகுப்பின் கச்சாப்பொருள் அரசியல் அற்றதல்ல. பாடம் செய்த சிங்கமும் கண்ணாடிக்குடில் பனைகளும் 1889 உலகக் கண்காட்சியில் நிறுத்தப்பட்ட ‘காலனி’க் குடியிருப்புகளும் பிரெஞ்சுப் பேரரசு பாரிஸுக்குக் கொண்டுவந்து குவித்தவை. ‘பாம்பாட்டிப் பெண்’ (1907) படத்தை வரையச்சொன்ன தெலோனே குடும்பத்து அம்மையாரின் இந்தியப் பயணக் கதைகளே அதற்குத் தூண்டுதல் என்பர். படத்திலோ இந்தியா இல்லை. நிலவொளியில் கரிய நிழலாய் நின்று குழலூதும் பெண்ணும், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நாணலும் இருக்கின்றன. ரூசோவின் காடு பேரரசின் கண்காட்சிப் பொருள்களால் ஆனது. அதைத் ‘தூய கற்பனை’ என்பது மூலத்தை மறைப்பதாகும்.

5. கைமாறியவை

அ. பிக்காசோ

கைவசச் சான்று வலுவானது. 1908 வாக்கில் சூலியே என்ற பழம்பொருள் வியாபாரியிடம் ரூசோவின் ஆளுயரப் பெண் உருவப்படத்தை 5 பிராங்குக்கு வாங்கினார். கித்தானை மேலே வேறு படம் வரையப் பயன்படுத்தலாம் என்பது வியாபாரியின் சிபாரிசு. பிக்காசோ அதை இறுதிவரை தம்மிடமே வைத்திருந்தார். பின்னரும் ரூசோவின் படங்களைச் சேர்த்தார். அவை இன்று பாரிஸ் பிக்காசோ அருங்காட்சியகத்தில் உள்ளன.

கைத்தடம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. 1908 கோடையில் லா ரூ-தெ-புவா கிராமத்தில் வரைந்த பச்சை நிலக்காட்சிகளில் ரூசோவின் சாயல் உண்டு எனக் கலைவரலாற்றாளர் கூறுவர். தடித்த மரங்களும் எளிமையாக்கிய வடிவங்களும் அதற்கு இடந்தருகின்றன. ஆனால் அவ்வாண்டுகளில் பிக்காசோவை முழுமையாக ஆட்கொண்டிருந்தவர் ஓவியர் செசான். அங்கே ரூசோவை செசானிடமிருந்து பிரித்தெடுக்க என்னால் இயலவில்லை. விருந்தைப் பற்றிய நினைவுகளும் ஒத்துப்போவதில்லை. 1933இல் வெளிவந்த ஸ்டைனின் நூல் அதைக் கேலிக்கூத்தாகக் காட்ட, அங்கிருந்த கவிஞர் ஆந்த்ரே சால்மோன் 1935இல் அதை மறுத்து எழுதினார். கேலியா மரியாதையா என்ற கேள்விக்கு, அந்த ஐந்து பிராங்க் படத்தை ஆயுள் முழுதும் விடாமல் வைத்திருந்ததே விடை என்று நினைக்கிறேன்.

ஆ. தெலோனே

மூன்று வகைச் சான்றும் ஒருசேரக் கிடைப்பது ஓவியர் ரொபேர் தெலோனேயிடம். ரூசோவின் நண்பர், அவர் படங்களைச் சேகரித்தவர், அவரைப் பற்றி எழுதியவர். முக்கியமானது கைத்தடம். 1890இல் ரூசோ வரைந்த ‘நான்: நிலக்காட்சி உருவப்படம்’ இன்று பிராகில் உள்ளது. தூரிகையும் வண்ணத்தட்டும் ஏந்தி ரூசோ செய்ன் ஆற்றங்கரையில் பூதாகாரமாய் நிற்கிறார். பின்னால் கொடிகள் கட்டிய கப்பல், பாலம், ஐஃபல் கோபுரம், வானில் பலூன். தெலோனேயின் நான்கு மீட்டர் அகல ‘பாரிஸ் நகரம்’ (1912) ஓவியத்தின் இடப்பக்கத்தில் அதே கப்பலும் அதே துறையும் வந்திருக்கின்றன. நடுவில் பழஞ்சுவரோவியத்திலிருந்து எடுத்த மூன்று தேவியர். வலப்பக்கம் உடைந்து சிதறும் ஐஃபல் கோபுரம்.

இங்கு கவனிக்க வேண்டியது கப்பல் மட்டுமல்ல. மூன்று இடங்களிலிருந்து எடுத்த மூன்று படிமங்களைப் பக்கம்பக்கமாக வைத்து ஒரு நகரத்தைக் கட்டுவது ரூசோவின் தொகுப்புமுறையே. தெலோனே படிமத்தோடு முறையையும் எடுத்துக்கொண்டார். தையலை மட்டும் மறைக்கவில்லை. ஒரு தலைமுறை வேறுபாடு அந்தத் தையலில் இருக்கிறது.

இ. காண்டின்ஸ்கியும் மார்க்கும்

1911 டிசம்பரில் மியூனிக்கில் நடந்த ‘நீலக் குதிரைவீரன்’ என்ற ஓவியர் குழுவின் முதல் கண்காட்சியில் ரூசோவின் படமும் இருந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த அக்குழுவின் மலரில் அவர் படங்கள் பல அச்சாயின. அக்குழுவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் மார்க் கண்ணாடிமேல் ரூசோவின் உருவத்தைத் தீட்டினார். காண்டின்ஸ்கி ரூசோவின் சிறு படங்கள் இரண்டை வாங்கினார். அம்மலரில் எழுதிய கட்டுரையில், கலையின் இரு துருவங்களாகப் பேரருவத்தையும் பெருயதார்த்தத்தையும் வைத்து, இரண்டாவதன் வழியைத் திறந்தவர் ரூசோ என்றார்.

கைவசமும் கைச்சாத்தும் இருக்கின்றன, கைத்தடம் இல்லை. காண்டின்ஸ்கியின் எந்தப் படமும் ரூசோவைப்போல் இல்லை. அவருக்கு ரூசோ தேவைப்பட்டது தம் அருவக் கலைக்கு எதிர்த்தட்டாக. தராசு நிற்க மறுதட்டில் யாராவது வேண்டும். இதை ஓவியச் செல்வாக்கு என்பதைவிடக் கோட்பாட்டுத் தேவை என்பதே பொருந்தும்.

ஈ. பிறர்

அமெரிக்க ஓவியர் மாக்ஸ் வெபர் பாரிஸில் ரூசோவுடன் நெருங்கிப் பழகியவர். ரூசோ 1910 செப்டம்பர் 2 அன்று இறந்த சில மாதங்களில், நியூயார்க்கில் நிழற்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸின் 291 கூடத்தில் அவருடைய சிறு படங்களைக் கண்காட்சியாக வைக்கச் செய்தார். அமெரிக்கா ரூசோவைக் கண்டது அப்படித்தான்.

ஃபெர்னான் லெஜேயின் ‘இயந்திரத் தொழிலாளி’ (1920) படத்தில் விறைத்த உருவம், அழுத்தமான விளிம்பு, பின்னணியோடு ஒட்டாத நிலை மூன்றும் ரூசோவின் உருவப்படங்களை நினைவூட்டுகின்றன. ஜெர்மனியில் கலை விமர்சகர் ஃபிரான்ஸ் ரோ 1925இல் எழுதிய நூல் ‘மாய யதார்த்தம்’ என்ற தொடரைப் புழக்கத்தில் விட்டது. இலத்தீன் அமெரிக்க நாவல்வழி நம் சிறுபத்திரிகைகளுக்கு வந்த அத்தொடர் பிறந்தது ஓவிய விமர்சனத்தில். அந்நூல் ரூசோவை முன்னோடியாகக் கொண்டது. பொருளைக் கூர்மையாகத் தீட்டத் தீட்ட அது அந்நியமாகிறது என்பதை ரூசோவின் இலைகளே முதலில் காட்டின. மாக்ஸ் எர்ன்ஸ்ட் ‘வாழ்வின் மகிழ்ச்சி’ (1936) போன்ற படங்களில் அந்த இலைக்கூட்டத்தை எடுத்துப் பூச்சியும் விலங்குமாய் மாறச் செய்தார். ‘கனவு’ (1910) படத்தில் ரூசோ ஆடையற்ற பெண்ணைச் சாய்விருக்கையோடு காட்டின் நடுவில் வைத்தார்; பொருந்தாத இரண்டை விளக்கமின்றி அருகருகே வைக்கும் சர்ரியலிச வழக்கத்துக்கு இது முன்னுதாரணம். ரூசோவோ அவளுக்குக் காரணம் சொன்னார்: அவள் அந்த இருக்கையில் தூங்குகிறாள், காடு அவள் காணும் கனவு. பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டது படத்தை. விட்டுவிட்டது அவருடைய காரணத்தை.

6. ஒப்புமையும் செல்வாக்கும்: ஓர் எச்சரிக்கை

ரூசோவின் ‘போர்’ (1894) பிக்காசோவின் ‘குவெர்னிகா’வுக்கு (1937) முன்னோடி என்ற கருத்து அடிக்கடி எழுப்பப்படுகிறது. ‘போர்’ படத்தில் பல்லைக் கடித்த பெண்ணொருத்தி வாளும் தீப்பந்தமும் ஏந்திக் கருங்குதிரைமேல் பாய்கிறாள். கீழே பிணங்கள், அவற்றைக் கொத்தும் காகங்கள், ஒடிந்த கிளைகள். குதிரையும் குவிந்த உடல்களும் எதிரி யாரெனக் காட்டாத அழிவும் இரண்டு படத்துக்கும் பொதுவே.

ஆனால் காலக்கணக்கு உதவவில்லை. ‘போர்’ 1894இல் காட்சிக்கு வந்தபோது பிக்காசோ ஸ்பெயினில் சிறுவன். பின்னர் படம் காணாமற்போய் 1944இல்தான் மீண்டது. ‘குவெர்னிகா’ முடிந்து ஏழாண்டாகிவிட்டது. இடையில் இருந்தது ஒன்றே: ரெமி தெ கூர்மோனும் ஜாரியும் நடத்திய ‘லிமாஜியே’ இதழில் 1895இல் வெளிவந்த, ரூசோவே செய்த கல்லச்சுப்படம். அதைப் பிக்காசோ பார்த்திருக்கலாம். ‘பார்த்திருக்கலாம்’ என்பதன்மேல் செல்வாக்கைக் கட்ட முடியாது. கைவசமும் கைச்சாத்தும் இல்லாதபோது, ஒப்புமையை ஒப்புமையாகவே நிறுத்திக்கொள்வது நல்லது.

எனினும் ‘போர்’ வேறொன்றைச் சொல்கிறது. 1870-71 பிரெஞ்சு-பிரஷ்யப் போரையும் பாரிஸ் முற்றுகையையும் வாழ்ந்து கடந்த தலைமுறையின் ஓவியம் இது. இங்கே இருப்பது வெகுளி என்ற சொல்லின் முதற்பொருள்: சினம். வெள்ளந்தி மனிதர் என்று அவரைச் சுமந்தவர்கள் இப்படத்தை ஓரங்கட்டினார்கள். பொருந்தவில்லை, அதனால்.

7. முடிவாக

மூன்று சான்றுகளையும் வைத்து நிறுத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. ரூசோவைப் பற்றிய கதையை அதிகம் நேசித்தவர்களிடம் அவருடைய கைத்தடம் குறைவு. ஊடெயும் காண்டின்ஸ்கியும் அவ்வகையினர். அவர்களுக்கு ரூசோ ஒரு வாதத்தின் சான்று. அவருடைய வேலைமுறையைக் கூர்ந்து பார்த்தவர்களிடமே தடம் ஆழமாகப் பதிந்தது: தெலோனே, ஓரளவுக்கு லெஜே, எர்ன்ஸ்ட். அவர்கள் எடுத்துக்கொண்டது வெகுளித்தனத்தை அன்று. கத்தரித்தல், அடுக்குதல், எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் தீட்டுதல் என்ற கைத்தொழிலை.

விசித்திரமானவர் என்ற பட்டம் அவருக்கு உதவியது; அது இல்லாவிட்டால் அந்த விருந்தும் இல்லை. அதே பட்டம் அவரை உழைப்பாளியாக யாரும் பார்க்காமலும் செய்தது. ஏழைகளின் புதைகுழியில் அடக்கமான அவரைத் தனிக்கல்லறைக்கு மாற்றியதும், அக்கல்லறையில் அப்போலினேரின் வரிகளைச் சிற்பி பிரான்குசி செதுக்கியதும் பிறகு நடந்தவை.

கடைசியாக, நீதிமன்றத்துக்கு வந்த ஓவியம். வழக்கறிஞர் கொண்டுவந்தது பொருத்தமான சாட்சியந்தான். அதைப் படித்த விதம்தான் பிழை. அங்கங்கே கிடைத்த படிமங்களைச் சேர்த்து, தையல் தெரியாமல் ஒட்டி, இல்லாத ஒரு காட்டை உண்டென்று நம்பவைத்த கை அந்தக் கித்தானில் இருந்தது. நீதிபதிகள் அதில் ஓர் அப்பாவியைக் கண்டார்கள். தெலோனே போன்றவர்கள் அதில் கைத்திறத்தைக் கண்டார்கள்.